நிஜமாகவே காய்ச்சல், மேடம்

2018 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. அப்போது திருச்சி தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சென்னை கிண்டியில் இன்டர்வியூ. இதை ஆடிட்டர் சாரிடம் சொல்லிவிட்டா போக முடியும்? "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு சார், காய்ச்சல் வரும்போல, நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்" என்று சொல்லி, நம்பிக்கைக்காக இரண்டு முறை இருமியும் காட்டிவிட்டு வந்தேன். ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விருத்தாசலம் வருவதற்குள் நிஜமாகவே உடம்பு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. வாய் முகூர்த்தம் என்பார்களே, அது.

எழும்பூரில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. சைதாப்பேட்டையில் நண்பனின் அறைக்குப் போய் விழுந்தேன். கையைத் தொட்டுப் பார்த்தவன், "மச்சி, போன் பண்ணி வேற நாள் கேளுடா" என்றான். கேட்பதாவது! ரயிலுக்குப் பணம் கொடுத்தாயிற்று, லீவுக்குப் பொய் சொல்லியாயிற்று, ஒரு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்தாயிற்று. இந்த நேரத்தில் போன் செய்து தேதி மாற்றக் கேட்டால் 'இவனுக்கு ஆர்வமில்லை' என்று பெயரை அடித்துவிட மாட்டார்களா? டோலோ 650 ஒன்று போட்டேன். மூக்கு ஒழுகியதற்கு அவன் டப்பாவில் இருந்த செட்ரிசின் ஒன்றையும் சேர்த்துப் போட்டேன். முதல் மாத்திரை தன் வேலையைச் செய்தது. இரண்டாவதும் செய்தது. ஆனால் அதன் வேலைகளில் ஒன்று தூங்கவைப்பது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பதினொன்றுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஏ.சி. காற்று நேராக முதுகில். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு அல்வா மாதிரி: "3பி-ல எடுத்த ஐ.டி.சி.-யும் 2ஏ-ல காட்டுறதும் ஒத்துப்போகலைன்னா என்ன செய்வீங்க?" (3பி என்பது நாம் மாதாமாதம் போடும் வரிக் கணக்கு. ஐ.டி.சி. என்பது சரக்கு வாங்கியபோது கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்வது. 2ஏ என்பது நமக்கு விற்றவர்கள் போடும் ஜி.எஸ்.டி.ஆர்-1 விற்பனைக் கணக்கிலிருந்து தானாக வந்து விழும் பட்டியல்.) ஜி.எஸ்.டி. வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்த நேரம் அது. மாதாமாதம் இருபதாம் தேதி நெருங்கும்போது காந்தி மார்க்கெட் கடைகளுக்கெல்லாம் போன் போட்டு, "அண்ணே, ஜி.எஸ்.டி.ஆர்-1 போட்டுட்டீங்களா? எங்க பார்ட்டிக்கு 2ஏ-ல உங்க பில் காட்டவே மாட்டேங்குது" என்று கெஞ்சுவதே என் பிழைப்பு. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்: "அதை எங்க ஆடிட்டர் சார் பாத்துப்பார்."

சொல்லி முடித்ததும் எனக்கே காதில் விழுந்தது. திருத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் இருமல். பெரியவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

நிராகரித்ததில் எனக்கு வருத்தமில்லை, அந்தப் பதிலைக் கேட்டிருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். வலித்தது அதற்கு அப்புறம் நடந்தது. மறு வருஷம் மார்ச்சில் அதே நிறுவனத்தில் வேலை செய்யும் தெரிந்தவர் ஒருவர் என் பெயரை உள்ளே ரெஃபர் செய்தார். கணினியிலேயே திரும்பி வந்துவிட்டது. கூலிங் பீரியடாம். ஒருமுறை இன்டர்வியூவில் தோற்றால் ஆறு மாதத்துக்கு அங்கே மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பல பெரிய கம்பெனிகளில் இப்படி ஏதோ ஒரு கணக்கு உண்டு, சில இடங்களில் மூன்று மாதம், சில இடங்களில் ஒரு வருஷம்கூட.

அன்றைக்குத்தான் கணக்குப் பிள்ளை மூளை கொஞ்சம் வேலை செய்தது. தேதி மாற்றிக் கேட்டிருந்தால் அதிகபட்சம் என்ன போயிருக்கும்? அந்த ஓர் இன்டர்வியூ. கேட்காமல் போனதில் அந்த இன்டர்வியூவும் போயிற்று, கூடவே ஆறு மாதமும் போயிற்று. இன்டர்வியூவுக்கு வராதவன் தோற்றதாகப் பதிவாவதில்லை. வந்து உளறியவன் பதிவாகிறான்.

சரி, பாடம் படித்துவிட்டேன், இனி கேட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தேன். அடுத்த தடவை கேட்டேன். கேட்கத் தெரியாமல் கேட்டேன்.

2019-இல் சென்னைக்கு வந்துவிட்டேன், அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி. அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு கன்சல்டன்சி வழியாக நல்ல இடத்தில் இன்டர்வியூ அமைந்தது. முதல் நாள் மாலையே காய்ச்சல் தலைகாட்டியது. காலையில் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். சரியாகவில்லை. ஒன்பதரைக்குக் கன்சல்டன்சி பையனுக்கு போன் செய்தேன். "எப்படியாவது போயிட்டு வந்துடுங்க சார், ஒரு மணி நேரம்தானே" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆள் போய்ச் சேர்ந்தால்தான் கன்சல்டன்சிக்குக் காசு, நம் காய்ச்சல் அவனுக்கு நஷ்டக் கணக்கு. நான் விடாமல் கெஞ்சியதில், "சரி, நாளைக்கு வெச்சுக்கலாமா?" என்று கேட்டான். அங்கேதான் கோட்டைவிட்டேன். தேதி கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில் "நாளைக்கு ஓகே" என்றேன்.

வைரஸ் காய்ச்சல் என்றால் மூன்று நாளாவது படுக்கவைக்காமல் விடாது. மறுநாள் இன்னும் மோசம். மழைக்காலம் என்பதால் டாக்டர் டெங்கு பார்த்துவிடலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். லேப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவது முறையாக அந்தப் பையனுக்கு போன் செய்தேன். அவன் குரலிலேயே தெரிந்துவிட்டது. "பாக்கறேன் சார்" என்றான். டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்தது. அந்தப் பையனிடமிருந்து எதுவும் வரவில்லை.

முதல் தடவை தேதி மாற்றக் கேட்பதை எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள், இரண்டாம் தடவை கேட்டால் யாரும் நம்புவதில்லை. அதனால் ஒரே தடவைதான் கேட்க வேண்டும், கேட்கும்போது தாராளமாகக் கேட்க வேண்டும். நாளை, நாளை மறுநாள் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. நான்கைந்து நாள் தள்ளி இரண்டு தேதிகளைச் சொல்லி, எது வசதி என்று அவர்களிடமே விட்டுவிடலாம். டெங்குவாக இருந்தால் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நாட்கள் என்று அந்த டாக்டர் சொன்னார். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும், முக்கியமாக ஆஸ்பிரின், இபுபுரூஃபென் வகைகளைத் தொடாதே என்றும் எச்சரித்தார். காய்ச்சல் விட்ட மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பும் ஆசாமி நான், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கன்சல்டன்சி வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. அழைப்பு மின்னஞ்சலில் கம்பெனி எச்.ஆர். முகவரியும் இருந்தால் இருவருக்கும் சேர்த்தே பதில் போட்டுவிடுங்கள். நடுவில் இருப்பவர் மறந்துபோனாலும், சொல்லாமலே விட்டாலும், அங்கே நம் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்றுதான் விழும்.

மூன்றாவது கதைதான் எனக்குப் பிடித்தது. 2022 நவம்பர். சென்னையில் மழை ஒரு பக்கம், மெட்ராஸ் ஐ இன்னொரு பக்கம். பெருங்குடியில் ஒரு நிறுவனம், ஆன்லைனில் இரண்டு சுற்று முடிந்து, கடைசியாக மேனேஜரை நேரில் பார்க்க வேண்டும். அன்று காலை எழுந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்று நாள் முன்பு மனைவிக்கு வந்தது, ஒரே துண்டைத்தான் இரண்டு பேரும் பயன்படுத்தியிருக்கிறோம். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், இரண்டு கண்ணும் கோவைப்பழம்.

உடம்பில் வேறு ஒரு கோளாறும் இல்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, தெளிவாகப் பேச முடிகிறது. "கண்ணாடி போட்டுக்கிட்டுப் போயிட்டு வந்துடுங்களேன்" என்று மனைவி சொன்னாள். கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது நம் ஊர் நம்பிக்கை, அதற்குத்தான் கறுப்புக் கண்ணாடி. உண்மையில் அது பார்வையில் பரவுவதில்லை, கையில் பரவுகிறது. கண்ணைத் தொட்ட கையால் கைகுலுக்கினால், கதவுப் பிடியைத் தொட்டால், பேனாவை வாங்கிக் கொடுத்தால் போதும். (1819-இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. 1918-இல் இந்த நோய் இங்கே கண்டறியப்பட்டதால்தான் மெட்ராஸ் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். ஊர்ப் பெயர் சென்னை ஆன பிறகும் கண் வலிக்கு மட்டும் மெட்ராஸ் போகவில்லை.) இன்டர்வியூ அறையில் நாம் முதலில் செய்வதே கையை நீட்டுவதுதான். வேலை கொடுக்கப்போகிறவருக்குக் கண் வலியைக் கொடுத்துவிட்டு வந்தால் எந்த முகத்தோடு சேருவது?

ஏழரைக்கே எச்.ஆர். மேடத்துக்கு வாட்ஸ்அப். அழைப்பு வந்த மின்னஞ்சலுக்கும் அதே வரிகளைப் பதிலாகப் போட்டேன். ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இவ்வளவுதான்: 'இன்று 12 மணி சந்திப்புக்கு வர இருந்தேன். காலையில் மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. மற்றவர்களுக்குப் பரவும் என்பதால் நேரில் வருவது சரியாக இருக்காது. அடுத்த வாரம் புதன் அல்லது வெள்ளி எந்த நேரமானாலும் வருகிறேன். வீடியோவில் பேசலாம் என்றால் இன்றே தயார். சிரமத்துக்கு மன்னிக்கவும்.' ஒன்பது மணிக்கு ஒரு போனும் செய்தேன். அந்த அம்மாள் எடுத்த எடுப்பிலேயே, "ஐயோ, வந்துடாதீங்க சார்! எங்க ஃப்ளோர்லயே நாலு பேருக்கு இருக்கு" என்றார்.

மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் பேசினோம். வெளிச்சம் கூசியதால் கறுப்புக் கண்ணாடியுடன் உட்கார்ந்தேன். திரையில் என் முகத்தைப் பார்க்க எனக்கே தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தது. மேனேஜர் சிரித்துக்கொண்டே, "கண்ணாடியைக் கழட்டலாமே, முகத்தைப் பாக்கணும்ல" என்றார். கழற்றினேன். "போட்டுக்கோங்க, போட்டுக்கோங்க" என்று பதறிப்போய் அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், என்னவோ கம்பி வழியாகப் பரவிவிடும்போல. அந்த வேலைதான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

ஆனால் வீடியோ என்றதும் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டிலிருந்துதானே, சமாளித்துவிடலாம் என்று தோன்றும். தொண்டை கட்டியவனுக்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்ரூம் ஓடுகிறவனுக்கும் வீடியோ ஒத்துவராது. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது நம் கணக்குப் புத்தகத்தையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் ஒத்துப்பார்ப்பது, எப்படிச் செய்வது என்று சுவரைப் பார்த்துப் பத்து நிமிடம் சத்தமாக விளக்கிப் பார்ப்பேன். மூச்சு வாங்காமல், நடுவில் தொலைந்து போகாமல் முடித்துவிட்டால் போகலாம். பாதியில் 'என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்' என்று நின்றால் போனை எடுத்துவிட வேண்டியதுதான். சாதாரணச் சளி, லேசான தலைவலிக்கெல்லாம் தேதி மாற்றக் கேட்பது எனக்கு உடன்பாடில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகும் சளி பிடிக்கத்தானே போகிறது.

2024-இல் டீம் லீட் ஆனதும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டி வந்தது. அங்கே உட்கார்ந்தபோதுதான், நான் பயந்ததில் பாதி தேவையற்ற பயம் என்று தெரிந்தது. சனிக்கிழமை எட்டுப் பேரைக் கூப்பிட்டிருப்போம், ஆளுக்கு முக்கால் மணி நேரம், நாங்கள் மூன்று பேர். காலை எட்டு மணிக்கு ஒருவர் வர முடியவில்லை என்று செய்தி அனுப்பினால் எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அடுத்தவரைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் ஒரு காபிக்கு நேரம் கிடைத்தது என்று சந்தோஷமாகக்கூட இருக்கும். பதினொரு மணி இன்டர்வியூவுக்குப் பத்து ஐம்பத்தைந்துக்கு போன் வந்தால்தான் எரிச்சல். மூன்று பேரும் ரெஸ்யூமைப் படித்துவிட்டு உட்கார்ந்திருப்போம். அதைவிட மோசம் சொல்லாமலே வராதவர்கள். அவர்கள் பெயருக்கு எதிரே 'நோ ஷோ' என்று விழுந்துவிடும். இரண்டு வருஷம் கழித்து விண்ணப்பித்தாலும் எச்.ஆர். திரையில் அது நிற்கும்.

நம்புவார்களா என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு நேர்மையான பதில்: பாதி நம்புவார்கள். கையில் ஓர் ஆஃபர் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு அலைகிறவர்கள் சொல்லும் காரணமும் காய்ச்சல்தான் என்பதால் எச்.ஆர்.காரர்களுக்குக் காய்ச்சல் என்றாலே ஒரு சந்தேகம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. போன வருஷம் ஒரு பையன், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையைப் படம் எடுத்து எச்.ஆருக்கு அனுப்பியிருந்தான். ஊசி, பிளாஸ்டர், பின்னால் பச்சைத் திரை, எல்லாம் தெரிந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. யாரப்பா கேட்டது உன்னிடம்? செவ்வாய்க்கிழமை வரச் சொன்னோம், வந்தான், பிரமாதமாகப் பதில் சொன்னான், எடுத்தோம். கடைசியில் கூடுதல் சம்பளம் கிடைத்து வேறு இடத்துக்குப் போய்விட்டான். எச்.ஆர். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் 'நான் சொன்னேனில்லையா' என்று எழுதியிருந்தது. இருக்கட்டும். காய்ச்சலும் நிஜம், இன்னோர் ஆஃபரும் நிஜம். இரண்டும் ஒரே ஆளுக்கு வரக் கூடாதா என்ன?

அதே பருவத்தில் வந்த ஒரு பெண்ணைத்தான் மறக்க முடியவில்லை. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில். நெற்றியில் வேர்வை, ஆனால் உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார், குளிருக்கு. எனக்குக் கிண்டி அறை ஞாபகம் வந்துவிட்டது. "உடம்பு சரியில்லையாம்மா? வேற நாள் வரீங்களா?" என்று கேட்டேன். "பரவாயில்ல சார், மேனேஜ் பண்ணிக்கிறேன்" என்றார். நானும் அன்று அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் போன பிறகு மற்ற இருவரிடமும் பேசிப் பார்த்தேன். "பாக்க முடிஞ்சதுக்குத்தானே மார்க் போட முடியும்?" என்றார் ஒருவர். தப்பில்லை. மதிப்பெண் தாளில் காய்ச்சலுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. எங்கள் பக்கமிருந்து ஒருவர் வலிய வந்து வாய்ப்புக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. அது பெருந்தன்மைக்காகச் சொல்வதில்லை, இப்படியே போனால் நிராகரிக்க வேண்டிவரும் என்று தெரிந்து சொல்வது.

இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாத இடங்களும் உண்டு. ஒரே நாளில் நூறு பேரை உட்காரவைத்து முடிக்கும் வாக்-இன், கல்லூரி வளாகத் தேர்வு, இவற்றில் தேதி மாற்ற எதுவும் இல்லை. அரசு வேலை என்றால் சொல்லவே வேண்டாம். என் சித்தி மகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. கலந்தாய்வு. குறித்த நாளில் வராதவருக்கு மறுவாய்ப்பு இல்லை என்று அழைப்பிலேயே போட்டிருந்தது. 102 டிகிரி காய்ச்சலுடன் சித்தப்பா அவளை ஆட்டோவில் வைத்து பாரிமுனைப் பக்கம் இருக்கும் அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். பையில் சான்றிதழ் ஃபைல், அதற்குப் பக்கத்தில் ஃபிளாஸ்கில் கஞ்சி. அங்கே அவள் அறிவைக் காட்ட வேண்டியதில்லை, சான்றிதழைக் காட்டி, இருப்பதில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதற்குக் காய்ச்சலோடு போகலாம், போய்த்தான் ஆக வேண்டும்.

தேதி மாறினால் வரும் இன்னொரு தலைவலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் மறுபடி லீவு கேட்க வேண்டும். முதல் லீவு இன்டர்வியூவுக்கென்று எடுத்து, நிஜக் காய்ச்சலில் கழிந்திருக்கும். அடுத்த வாரம் இன்னொரு லீவுக்கு என்ன சொல்வது? திரும்பவும் காய்ச்சலா? அதனால்தான் மாற்றுத் தேதி சொல்லும்போது சனிக்கிழமை கிடைக்குமா, சாயங்காலம் ஆறுக்கு மேல் முடியுமா என்று முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது. நிறைய இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரைக்கு என் டீமில் இருக்கும் பையனிடமிருந்து செய்தி. 'சார், ஃபீவரா இருக்கு, நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்.' அன்று மாலைதான் அவன் லிஃப்டில் நல்லா சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். முடி வெட்டியிருந்தான். 'சரிப்பா, உடம்பைப் பாத்துக்கோ, ரெஸ்ட் எடு' என்று தட்டினேன். கீழே 'ஆல் தி பெஸ்ட்' என்றும் தட்டிவிட்டு, அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.